'நல்ல தண்ணீர்' என்று எழுதிய குப்பி

ஆற்றங்கரையில் டீச்சர் விட்ட வார்த்தை ஒரு வாரமாகியும் காயவில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆற்றில் தண்ணீர் மொண்டு குப்பியில் அடைப்பது எப்படி என்று அவர் காட்டிக்கொண்டிருந்த நாள் அது. வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை மிதந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. டீச்சர் கையை நீட்டிக் கரையோரச் சலவைக் கடையைக் காட்டி, "சிலருக்கு அவங்க துணி வெளுத்தா போதும். ஆறு எக்கேடு கெட்டா என்ன?" என்றார்.

அந்தச் சிலர் துணிக்கூடையோடு பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

வேறு யாருமில்லை. டீச்சருடைய கணவரின் அக்கா. வகுப்புப் பிள்ளைகளுக்கு 'இஸ்திரி அத்தை'. அன்றுவரை டீச்சரை வாயார "வாம்மா, போம்மா" என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து "வாங்க டீச்சர்" என்கிறார். மரியாதை கொடுத்தே மனசைக் குத்துவதற்கு அத்தையிடம்தான் பாடம் படிக்க வேண்டும்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது டீச்சரின் கணவர். அவர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதகர். ஊருக்குப் போகும் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் மருந்து சரியாகக் கலந்திருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்புகிறவர். பிள்ளைகள் அவரை 'குளோரின் அங்கிள்' என்பார்கள். நாமும் குளோரின்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் கோபம் வந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கடையிலிருந்து சட்டை வருவது நின்றுபோனதால் வந்த வினை.

"காலரைத் தேய்க்கச் சொன்னா தோளைத் தேய்ச்சிட்டிருக்கீங்க," என்றார் டீச்சர்.

"தோள்லதான் சுருக்கம் இருக்கு."

"அது சுருக்கம் இல்ல. இப்ப நீங்க போட்ட மடிப்பு."

அன்று மதியம் பள்ளியில் ஏழாம் வகுப்பின் தண்ணீர்க் கண்காட்சி. 'நாம் குடிக்கும் தண்ணீர்' என்ற தலைப்பில் பேச அழைக்கப்பட்டிருந்தவர் குளோரின்காரர். வேறு யாரை அழைப்பது? டீச்சருக்கு இதில் பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாத மாதிரி இருப்பதற்குத்தான் சிரமப்பட்டார்.

"அம்மா, வயிறு வலிக்குது," என்றாள் நண்டு, படுக்கையிலிருந்து.

நண்டு அவர்களுடைய ஒரே மகள். அதே ஏழாம் வகுப்பு. ஒரு இடத்திலும் நேராக நடந்து பழக்கமில்லாததால் அந்தப் பெயர். பள்ளி வாசலைத் தாண்டினால் அம்மாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். வாசலுக்கு வெளியே வந்த அடுத்த அடியில் அம்மாவாகிவிடுவார்.

"உன் வயித்துக்கு மட்டும் கண்காட்சி என்னைக்கு, பரீட்சை என்னைக்குன்னு எப்படித்தான் தெரியுதோ," என்றார் டீச்சர். "எழுந்திரு. நடிப்பெல்லாம் சாயங்காலம் வச்சுக்கலாம்."

"நடிக்கலம்மா."

"எழுந்திருன்னு சொன்னேன்."

நண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். மூலையில் தண்ணீர் அண்டா. அதற்கு மேலே சுவரில் ஃபில்டர். அண்டா உயரம், நண்டு குள்ளம். முழங்கை வரை கையை உள்ளே விட்டுத்தான் மொண்டு குடித்தாள். தன் பாட்டிலையும் அப்படியே முக்கி நிரப்பிக்கொண்டாள்.

கண்காட்சிக்கு வைத்திருந்த விஷயம் எளிமையானது. விரல் உயரக் கண்ணாடிக் குப்பி. உள்ளே பழுப்பு நிறக் காகிதத் துண்டு ஒன்று கிடக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, கதகதப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். தண்ணீர் டீ நிறத்திலேயே நின்றால் நல்லது. கறுத்துவிட்டால் அதில் மனிதக் கழிவோ மாட்டுக் கழிவோ கலந்திருக்கலாம், குடிக்கக் கூடாது.

பிள்ளைகள் பல இடத்துத் தண்ணீரையும் கொண்டுவந்திருந்தார்கள். ஆற்றில் இரண்டு இடம். பள்ளிக் குழாய். பிள்ளைகளின் வீடுகள். ஆற்றோரச் சந்திலிருந்து ஒரே ஒரு குப்பி, இஸ்திரி அத்தை வீடு. சண்டை நடந்த மறுநாளே நண்டு போய் வாங்கி வந்தது. பெரியவர்கள் சண்டையில் நண்டுக்குப் பங்கு கிடையாது, பள்ளி விட்டால் அம்மா வேலை முடித்து வரும்வரை அவள் இருப்பது அத்தை கடையில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குப்பியில் நிச்சயமாக நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றுங்கள் என்று செய்முறைத் தாள் சொன்னது. டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார். ஊர்த் தண்ணீருக்கே காவல் இருக்கிறவர் வீட்டில், ஃபில்டர் வேறு போட்டு வடிகட்டிய தண்ணீர் இருக்கும்போது காய்ச்சுவானேன்? அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றி, 'நல்ல தண்ணீர்' என்று தன் கையால் எழுதி ஒட்டினார். நண்டு அதன் ஓரத்தில் சிரிக்கிற சூரியன் ஒன்று வரைந்தாள்.

கணவருடைய வேலையை இவ்வளவு நம்புகிற மனைவி செய்யக்கூடிய தப்பு இது. நம்பாதவர் காய்ச்சியிருப்பார்.

மணி அடிக்கும் முன்பே அம்மாவும் மகளும் வகுப்புக்கு வந்தார்கள். மேசைக்கு அடியில் தெர்மோகோல் பெட்டி. குப்பிகள் சூடு ஆறாமல் அதற்குள் இருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்.

ஆற்றுத் தண்ணீர் இரண்டும் கரிக்கட்டை மாதிரி. எதிர்பார்த்ததுதான். பள்ளிக் குழாய் டீ நிறம். வீடுகள் டீ நிறம். இஸ்திரி அத்தை வீடும் டீ நிறம். அதைப் பார்த்ததும் டீச்சருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இருந்தது என்றே சொல்லிவிடுவோம், டீச்சரும் மனுஷிதானே.

கடைசிக் குப்பியை எடுத்தார். அதில் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. சூரியனுக்குப் பின்னால் தண்ணீர் மை மாதிரி கறுத்திருந்தது.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர்... இது நம்ம வீட்டுது," என்றாள் நண்டு மெதுவாக.

"தெரியுது. குப்பி சரியில்லாம இருக்கும். ஊத்துறப்ப கை பட்டிருக்கும்." திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்புதான். "ஒண்ணையும் தொடாதே. ஹெச்.எம். கூப்பிட்டாங்க, வந்துடுறேன்."

ஹெச்.எம். நாற்காலிகளைப் பற்றி என்னவோ கேட்டார். டீச்சர் என்னவோ சொன்னார். திரும்பி வரும்போது வகுப்பு நிறைந்துவிட்டது. ஜன்னலோரம் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், பாத்தீங்களா? இஸ்திரி அத்தை வீட்டுத் தண்ணி கறுத்துப்போச்சு."

டீச்சர் எட்டிப் பார்த்தார். கறுத்த குப்பியில் 'இஸ்திரி அத்தை வீடு'. டீ நிறக் குப்பியில் 'நல்ல தண்ணீர்', சிரிக்கும் சூரியனோடு. சூரியனின் ஒரு ஓரம் மட்டும் சரியாக ஒட்டாமல் மடங்கியிருந்தது.

நண்டு கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆத்துல நுரை விடுறாங்கல்ல, அதான் அவங்க வீட்டுத் தண்ணியும் அப்படி," என்றது இன்னொரு பிள்ளை. "நீங்க அன்னைக்கே சொன்னீங்கல்ல டீச்சர்."

அந்த இடத்தில் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எல்லாரும் உட்காருங்க" என்றார். பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் எத்தனையோ பெரிய மனிதர்கள் காலம் தள்ளுகிறார்கள், டீச்சர் ஒரு மதியம் தள்ளக் கூடாதா?

ஆனால் தள்ள முடியவில்லை. கணக்குப் பாடத்துக்கு வேறு ஆசிரியை வந்ததும் நண்டை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஏன் மாத்தி ஒட்டுன?"

நண்டு சுவரைச் சுரண்டினாள். "அப்பா பேச வர்றாங்கல்ல. எல்லாரும் சிரிப்பாங்க. குளோரின் அங்கிள் வீட்டுத் தண்ணியே கறுப்புன்னு சொல்லுவாங்க."

"அதுக்கு அத்தை பேரை ஒட்டுவியா?"

"அத்தை வர மாட்டாங்கல்ல, டீச்சர். உங்க மேல கோபம். அவங்களுக்குத் தெரியாதே."

கேட்டதும் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து தன் மனசில் ஓடிக்கொண்டிருந்த கணக்கும் அதேதான். அத்தை வரமாட்டார். அவருக்குத் தெரியாது. பேச்சு முடியட்டும், திங்கட்கிழமை பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். மகளின் வாயால் கேட்கும்போது அது அசிங்கமாக இருந்தது.

"சரி, போய் உட்காரு. யோசிக்கலாம்," என்றார். மகளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை.

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. மதியம் பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். முதல் ஆளாக வந்து நின்றது இஸ்திரி அத்தை.

கையில் ஹேங்கரில் ஒரு வெள்ளைச் சட்டை. மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"தம்பி வந்துட்டானா டீச்சர்?" என்றார். "கடை வழியா வேலைக்குப் போனான். சட்டையைப் பார்த்தேன். தெருவுல நின்னு அழலாம் போல இருந்துச்சு. அந்தக் கோலத்துல பேசினான்னா என் கடை மானம் போயிடும். அதான் கொண்டாந்தேன். உங்களுக்காக இல்ல."

"உட்காருங்க அண்ணி," என்றார் டீச்சர்.

அத்தை உட்காரவில்லை. ஜன்னலோரம் போய்க் குப்பிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இது என்ன, எங்க வீடா?"

ஒரு பிள்ளை ஆர்வமாக, "ஆமா அத்தை. கறுத்தா குடிக்கக் கூடாது அத்தை," என்றது.

டீச்சர் சண்டையை எதிர்பார்த்தார். அண்ணி கையை வீசி, 'எங்க வீட்டுத் தண்ணியைக் குறை சொல்ல நீங்க யாரு' என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். அத்தை சண்டை போடவில்லை. குப்பியை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"வேட்டி, பெட்ஷீட்டெல்லாம் வேகவச்சு இறக்குன அடுப்பு சும்மா சூடா கெடக்கேன்னு, குடிக்கிற தண்ணியை மேல வச்சுடுவேன். கொதிச்சுடுச்சுன்னுதான் நெனச்சேன். சரியா கொதிக்கலையோ என்னவோ." டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்போ நண்டுக்கு அடிக்கடி வயித்து வலின்னு சொல்றாளே, அது இதனாலதானாம்மா? தினமும் என் கையாலதான் அவளுக்கு மொண்டு குடுக்கிறேன்."

ஒரு வாரம் கழித்து வந்த 'அம்மா' அது. இப்படியா வர வேண்டும்?

நண்டின் வயிற்று வலி. டீச்சர் அதை நடிப்பு என்றார், சோம்பேறித்தனம் என்றார், பரீட்சை பயம் என்றார். தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பாடம் எடுத்தவருக்கு, தன் வீட்டு அண்டாவையும் தன் பிள்ளையின் வயிற்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவேயில்லை. குற்றமே செய்யாத ஒருத்தி வந்து நின்று, அந்தப் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

கடைசி பெஞ்சில் நண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா," என்றாள். பள்ளிக்குள் முதல் தடவையாக.

"நீ உட்காரு. நான் சொல்றேன்," என்றார் டீச்சர்.

அத்தை கையிலிருந்த குப்பியை வாங்கினார். ஸ்டிக்கரை உரித்தார். சிரிக்கும் சூரியனையும் உரித்து, இரண்டையும் அதனதன் இடத்தில் ஒட்டினார். அவசரத்தில் சூரியன் கோணலாக ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் இங்க பாருங்க. கறுத்தது அத்தை வீட்டுத் தண்ணி இல்ல. எங்க வீட்டுத் தண்ணி. ஸ்டிக்கர் மாறிப்போச்சு. மாறினது எனக்குக் காலையிலேயே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன்."

கறுத்த குப்பியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசை நடுவில் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் பேச வர்ற நாள்ல இது தெரிய வேண்டாம்னு நெனச்சேன். இன்னொருத்தர் மேல பழி போனா போகட்டும்னு இருந்துட்டேன். காய்ச்சின தண்ணியை ஊத்தச் சொல்லித்தான் தாள்ல போட்டிருந்துச்சு. எங்க வீட்டுத் தண்ணியில சந்தேகமே வராதுன்னு ஒரு மெதப்பு." அத்தையைப் பார்த்தார். "அண்ணி, ஆத்தங்கரையில நான் பேசினதும் தப்பு. உங்களை நேர்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். பிள்ளைங்க முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. அதனால பிள்ளைங்க முன்னாடியே மன்னிப்பு கேக்கறேன்."

அத்தை ஹேங்கரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அட, விடும்மா," என்றார் கடைசியில். "வேலையப் பாரு."

அப்போதுதான் வாசலில் நின்றவரை எல்லோரும் பார்த்தார்கள். குளோரின்காரர். கையில் சின்ன நீலப் பெட்டி. தோளில் இரண்டு மடிப்புள்ள சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

அக்கா நீட்டிய சட்டையை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மாற்றிக்கொண்டு வந்தார். மேசையில் நீலப் பெட்டியைத் திறந்தார். எழுதிக்கொண்டு வந்த பேச்சு பாக்கெட்டிலேயே இருந்துவிட்டது.

"நண்டு, உன் வாட்டர் பாட்டிலைக் கொண்டா."

இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் பள்ளிக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் நண்டின் பாட்டில் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு சின்ன மாத்திரை போட்டுக் குலுக்கினார்.

"மருந்து இருந்தா ரோஸ் கலர் வரும். பாருங்க."

பள்ளித் தண்ணீர் ரோஸ் நிறமானது. பாட்டில் தண்ணீர் அப்படியே நின்றது.

"அங்கிள், உங்க வீட்டுக்கு மட்டும் மருந்து போடலையா?"

"போட்டேன். நானேதான் எடுத்துட்டேன்." அவர் நண்டின் தோளில் கை வைத்தார். பிறகு சொன்னார். "இந்தா நிக்கிறாளே நண்டு, இவ வயித்துல இருந்தப்ப உங்க டீச்சருக்குக் குழாய்த் தண்ணியோட மருந்து வாசனை ஒத்துக்கல. ஒரு வாய் குடிச்சா ரெண்டு வாய் வாந்தி. பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. ஃபில்டர் வாங்கி மாட்டினேன். அதுக்குள்ள கரி இருக்கும். கரி மருந்தை இழுத்துக்கும். வாசனை போயிடும். வாசனை போனா காவலும் போயிடும். வடிச்ச உடனே குடிச்சிருந்தா இவ்வளவு மோசமில்ல. நாங்க அண்டாவுல பிடிச்சு ராத்திரியெல்லாம் வைக்கிறோம். நண்டு முழங்கை வரைக்கும் கையை விட்டு மொள்ளுவா. கரியையும் மாத்தி வருஷக்கணக்காச்சு."

பிள்ளைகள் நண்டின் முழங்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். நண்டு அழுதுகொண்டே சிரித்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தார். அதில் அழிக்க ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஊருக்கு அனுப்புற தண்ணியை தினமும் பார்க்கிறேன். சொந்த வீட்டு அண்டாவை ஒரு நாளும் பார்க்கல," என்றார் குளோரின்காரர். "குப்பி கறுத்தா சந்தேகம்னு அர்த்தம். சந்தேகம் வந்தா குடிக்காதீங்க, காய்ச்சுங்க. கையை விட்டு மொள்ளாதீங்க, குழாய் வச்ச பாத்திரமா வாங்குங்க. நாங்க இன்னைக்கு வாங்கப் போறோம்."

அவ்வளவுதான் பேச்சு. எழுதி வந்ததைப் படித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் நாலு பேரும் அத்தை கடைக்கு நடந்தார்கள். போகிற வழியில் டீச்சர் மகளின் கையை விடவே இல்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாம். வலிக்குதுன்னு நீ சொன்னப்பல்லாம் அம்மா நம்பல. இனிமே நம்புவேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"திங்கட்கிழமை வலிச்சா கூடவா?"

"வாயை மூடிட்டு நட."

கடையில் வெள்ளைத் துணிகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. அத்தை காய்ச்சிய தண்ணீரை ஆற்றி நண்டுக்குக் கொடுத்தார். அவள் மடமடவென்று குடித்தாள். டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்தார். நுரை போய்க்கொண்டிருந்தது.

"நீ சொன்ன விதம்தான் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்ல," என்றார் அத்தை, அவரும் அதையே பார்த்துக்கொண்டு. "நுரை என்னோடதுதான். வேற எங்க விடுறதுன்னு எனக்குத் தெரியல. உன் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா. குழி வெட்டலாமா, என்ன பண்ணலாம்னு சேர்ந்து பார்ப்போம்."

டீச்சர் தலையாட்டினார். மனசு லேசானது.

குளோரின்காரர் சும்மா இருக்கிறவரா? கடை வாசலில் சந்துக்குப் பொதுவான குழாய் ஒன்று இருந்தது. கை பரபரத்து நீலப் பெட்டியைத் திறந்தார். தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார்.

நிறம் வரவில்லை.

கழுவிவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடி குலுக்கினார். தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

"இங்க ஃபில்டர் கிடையாதே தம்பி," என்றார் அத்தை.

"இல்லக்கா. காலையில நான்தான் பார்த்து அனுப்பினேன். சரியா இருந்துச்சு. ஸ்கூல்ல கூட இருந்துச்சு." நிமிர்ந்து பார்த்தார். "இந்தச் சந்துக்கு வர்ற குழாய் எந்த வழியா வருது?"

அத்தை கையைக் காட்டினார். வாய்க்காலுக்கு அடியில். அங்கே குழாய் விரிசல் விட்டு வாய்க்கால் தண்ணீர் கலந்திருக்க வேண்டும், அத்தை காய்ச்சி வைத்ததால்தான் அவர் குப்பி கறுக்கவில்லை.

நால்வரும் நுரையைப் பார்த்தார்கள். சந்துக் குழாயில் ஒரு அம்மா குடத்தை வைத்துத் திறந்தார். இடுப்பிலிருந்த குழந்தை உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தது.

குளோரின்காரர் போனை எடுத்தார். பார்த்தார். மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இப்பவே கிளப்பினா தெருவே பயந்துரும்," என்றார், யாரையும் பார்க்காமல். "அதுவும் நான் சரின்னு சொல்லி அனுப்பின தண்ணி. திங்கட்கிழமை ஆபீஸ்ல பக்குவமா கேட்டுக்கலாம்."

பக்குவமாக. திங்கட்கிழமை. டீச்சருக்கு அந்த இரண்டு வார்த்தையும் நன்றாகத் தெரியும், மதியம்தான் அவற்றோடு குடித்தனம் நடத்தியிருந்தார். ஆனாலும் அவர் வாயைத் திறப்பதற்குள் நண்டு முந்திக்கொண்டாள்.

"அப்பா, திங்கட்கிழமை வரைக்கும் அந்தப் பாப்பா எந்தத் தண்ணியைக் குடிக்கும்?"

குளோரின்காரர் அக்கா தேய்த்துக் கொடுத்த சட்டையோடு எழுந்து போனார். குனிந்து குழாயை மூடினார். குடம் பாதியில் நின்றது.

"என்னங்க இது, பிடிச்சுட்டு இருக்கேன்ல?" என்றார் அந்த அம்மா.

"மன்னிச்சுக்கங்கம்மா. இதைக் குடிக்காதீங்க. காய்ச்சாம யாரும் குடிக்காதீங்க."

"யாரு சொன்னா?"

சத்தம் கேட்டுச் சந்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. குளோரின்காரர் எல்லா முகங்களையும் பார்த்தார்.

"நான்தான்மா சொல்றேன்," என்றார். "இந்தத் தண்ணியை நல்லதுன்னு சொல்லி உங்களுக்கு அனுப்புறவன்."